நாஷ்வில்: முதலில் டிக்கெட், பிறகு ஊர்

பயணத் திட்டம் போடும்போது விமானம், தங்குமிடம், பார்க்கவேண்டிய இடங்கள் என்ற வரிசையில் போவதுதான் நம் வழக்கம். மாலையில் என்ன செய்வது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லுக்கு இந்த வரிசை சரிப்பட்டு வராது. கட்டடங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒன்றரை நாளில் சுற்றி முடித்துவிடலாம். இந்த ஊரின் சரக்கெல்லாம் கேட்பதில் இருக்கிறது. எந்த இரவு எந்த மேடைக்கு முன்னால் உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டிக்கெட் கைக்கு வந்தபிறகு மிச்சத்தை அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

மூன்று இரவுகள் இருந்தால் நிறைவாகப் பார்க்கலாம். ஒன்று கிராண்ட் ஓல் ஆப்ரிக்கு, ஒன்று ரைமன் அரங்கத்துக்கு, ஒன்று ப்ளூபேர்ட் கஃபே அல்லது ஸ்டேஷன் இன்னுக்கு. ஒவ்வொன்றும் என்ன என்று பின்னால் சொல்கிறேன். வார இறுதியில் போவதைவிட வார நடுவில் போவது எல்லா வகையிலும் நல்லது. கல்யாணத்துக்கு முன்பு தோழிகள் கூட்டமாக வந்து கொண்டாடும் ஊராக நாஷ்வில் மாறிப் பல வருடங்களாகின்றன. வியாழன் முதல் சனி வரை ஓட்டல் வாடகை ஏறிவிடும், தெருவில் நடக்க இடமிருக்காது. ஆப்ரி நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமையும் உண்டு என்பதால் திங்கள் போய் வியாழன் திரும்புவது தோதான கணக்கு. ஜூன் மாதத்தில் நான்கு நாள் நடக்கும் சி.எம்.ஏ. ஃபெஸ்ட் என்ற இசை விழாச் சமயத்தில் ஊரே நிரம்பி வழியும். அதற்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

இந்த ஊரின் அடையாளமான கன்ட்ரி இசையே கேட்டதில்லை என்றாலும் தயங்க வேண்டாம். ஆனால் கொஞ்சம் வீட்டுப்பாடம் செய்துவிட்டுப் போங்கள். ஹேங்க் வில்லியம்ஸ், பேட்ஸி கிளைன், ஜானி கேஷ், லொரெட்டா லின், டாலி பார்ட்டன் ஆகிய ஐந்து பேரின் பாட்டுகளில் ஆளுக்கு இரண்டை வரிகளோடு படித்துக்கொண்டே கேட்டால் போதும். மெட்டு எளிமையானது, ஸ்வரக் கோலங்களைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கடன், குடி, சிறை, மணமுறிவு, இரயில், அம்மா, ஆண்டவர் என்று வாழ்க்கையில் அடிபட்டவர்களின் கதையை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிப்பதுதான் இந்த இசையின் சாமர்த்தியம். வரி புரியாவிட்டால் பாதி போய்விடும்.

எப்போது, எப்படி

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பகுதி தொடங்கி அக்டோபர் முழுவதும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து சென்னையை நினைவூட்டும். அதற்காக விமான டிக்கெட் எடுக்கத் தேவையில்லை. வசந்த காலத்தில் இடிமழையும் சூறாவளியும் உண்டு. 2020 மார்ச்சில் ஓர் இரவில் ஊரின் சில பகுதிகளைச் சூறாவளி சிதைத்துவிட்டுப் போனது. கைபேசியில் எச்சரிக்கை ஒலித்தால் வேடிக்கை பார்க்கப் பால்கனிக்குப் போகாமல், ஓட்டல்காரர் சொல்லும் உள்ளறைக்குப் போய்விடுங்கள்.

மெட்ரோ இரயில் கிடையாது. விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். வீகோ நிறுவனத்தின் 18ஆம் எண் பேருந்து அங்கிருந்து மையத்துக்கு வருகிறது. நகர மையத்திலேயே தங்கினால் ரைமன், கன்ட்ரி இசை அருங்காட்சியகம், ஜானி கேஷ் அருங்காட்சியகம், பிராட்வே, பொது நூலகம் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஆப்ரியும் ப்ளூபேர்டும் மட்டும் தூரம், ஊபர் அல்லது லிஃப்ட் வண்டி பிடிக்க வேண்டும். இந்த இரண்டு இரவுகளுக்காக முழுப் பயணத்துக்கும் கார் வாடகைக்கு எடுப்பது வீண். மையத்தில் வண்டி நிறுத்தும் கட்டணமே பர்ஸைக் காலி செய்துவிடும். ஊருக்கு வெளியே போகும் நாளுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. எழுதியிருக்கும் விலையில் வரி சேராது. ஏறக்குறைய 10 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள். இதற்கெல்லாம் அட்டை செல்லும். ஆனால் 1 டாலர், 5 டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் பையில் வைத்திருங்கள். காரணம் பிராட்வே பகுதியில் வரும்.

ஆப்ரி: மேடையில் நடக்கும் வானொலி

கிராண்ட் ஓல் ஆப்ரிக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது கச்சேரி அல்ல, வானொலி நிகழ்ச்சி. 1925 நவம்பர் 28 அன்று டபிள்யூ.எஸ்.எம். வானொலியில் தொடங்கியது; நூறாண்டைத் தாண்டி இன்னமும் ஒலிபரப்பாகிறது. நிலையத்தை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். லட்சக்கணக்கான மக்களைக் காக்கிறோம் என்ற அதன் ஆங்கில விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள்தாம் நிலையத்தின் பெயராயின. முதல் இரவில் ஃபிடில் வாசித்த அங்கிள் ஜிம்மி தாம்ஸனுக்கு அப்போது வயது 77. ஃபிடில் வேறொன்றுமில்லை, வயலின்தான், வாசிக்கும் பாணி வேறு. கிராமத்து வாத்தியங்களை வானொலியில் கேட்டு ஜனங்கள் சொக்கிப்போனார்கள். அந்த மயக்கத்தில் காப்பீட்டு முகவர்களுக்கும் வீட்டுக் கதவுகள் எளிதாகத் திறந்தன.

அந்த மரபு இன்றும் அப்படியே இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஏழெட்டுக் கலைஞர்கள் வருவார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று பாட்டுகள். நடுவில் அறிவிப்பாளர் விளம்பரம் படிப்பார். எண்பது வயதுப் பெரியவர் பாடிவிட்டு இறங்க, நேற்று முதல் இசைத்தட்டு வெளியிட்ட பையன் நடுங்கிக்கொண்டே ஏறுவான். பிடித்த நட்சத்திரத்தின் முழுக் கச்சேரியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இந்த இசையின் மூன்று தலைமுறையை ஒரே உட்காரலில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. யார் பாடப்போகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியிடுவார்கள். அதற்காகக் காத்திருக்காமல் உங்களுக்குத் தோதான நாளுக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இப்போதைய ஆப்ரி அரங்கம் 1974இல் திறந்தது. அமெரிக்க அதிபர் நிக்ஸன் வந்து மேடையில் பியானோ வாசித்தார். சுமார் 4,400 பேர் உட்காரலாம். மேடை நடுவில் ஆறடி அகல மர வட்டம் தெரியும். பழைய ரைமன் மேடையிலிருந்து வெட்டி எடுத்து வந்து பதித்த பலகை அது. 2010 மே மாத வெள்ளத்தில் அரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து அந்த வட்டமும் மூழ்கியது. எடுத்துச் சீராக்கி மறுபடி அதே இடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்புறத்தைச் சுற்றிக் காட்டும் உலா தனி டிக்கெட். நேரமிருந்தால் பகலில் போய் அந்த வட்டத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் வாடகை வண்டி தேடுவார்கள். கட்டணம் இரண்டு மடங்காகும். பக்கத்திலேயே இருக்கும் ஆப்ரிலேண்ட் ஓட்டலுக்கு நடந்து போய்விடுங்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஏக்கர் கணக்கில் தோட்டம், அருவி, கால்வாய் என்று ஒரு வினோத உலகம் அங்கே உண்டு. உள்ளே நடந்து பார்க்கக் காசு கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து வண்டி கூப்பிட்டால் கட்டணம் இறங்கியிருக்கும்.

ஆப்ரிக்குள் நுழையும்முன் டிஃபோர்ட் பெய்லியின் கதையையும் தெரிந்துகொள்வது நியாயம். மவுத் ஆர்கனில் ஓடும் இரயிலையே கொண்டுவந்து நிறுத்திய கறுப்பினக் கலைஞர், நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர். சுற்றுப்பயணம் போன ஊர்களில் அவருக்கு மட்டும் ஓட்டல் அறை கிடைக்காது. 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதன்பிறகு செருப்புக்கு மெருகு போடும் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005இல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.

ரைமன்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் ரைமனைத்தான் சொல்வேன்.

டாம் ரைமன் நீராவிப் படகுகளின் முதலாளி. சாம் ஜோன்ஸ் என்ற போதகரின் கூடாரக் கூட்டத்துக்கு 1885இல் கலாட்டா செய்யப் போனவர், மனம் மாறித் திரும்பினார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். அந்தப் போதகருக்கு நிரந்தரமாக ஒரு கூரை வேண்டும் என்று அவர் முன்னின்று எழுப்பிய வழிபாட்டு மண்டபம் 1892இல் திறந்தது. அவர் 1904இல் இறந்தபிறகு அவர் பெயரையே வைத்தார்கள். செங்கல் சுவர், வண்ணக் கண்ணாடி சன்னல்கள், சாய்மானம் வைத்த நீள மர பெஞ்சுகள் எல்லாம் தேவாலயத்துக்கு உரியவை. 1943 முதல் 1974 வரை ஆப்ரி நடந்தது இங்கேதான். 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் பான்ஜோவை மீட்டியபோது புளூகிராஸ் என்ற வகை பிறந்தது என்பார்கள். அதுவும் இந்த மேடைதான்.

அந்த நாட்களில் குளிர்சாதன வசதி இல்லை, ஒப்பனை அறைகூடச் சரியாக இல்லை. பாட்டு முறை வரும்வரை கலைஞர்கள் பின்சந்து வழியாக நழுவி, எதிர்ப்புறம் இருக்கும் டூட்ஸீஸ் மதுக்கடைக்குப் போய்விடுவார்கள். ஆப்ரி புதிய அரங்கத்துக்குப் போனபிறகு கட்டடம் பாழடைந்து, இடித்துவிடலாமா என்ற பேச்சுகூட வந்தது. 1991இல் எம்மிலூ ஹாரிஸ் இங்கே பாடி ஒலிப்பதிவு செய்தபோது பாதுகாப்புக் கருதிச் சுமார் 200 பேரைத்தான் உள்ளே விட்டார்கள். அந்தப் பதிவைக் கேட்டவர்கள் கட்டடத்தின் ஒலிநயத்தை மறுபடி உணர்ந்தார்கள். சீரமைப்பு முடிந்து 1994இல் திறந்தது. இன்று 2,362 இருக்கைகள்.

பகலில் டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் இரவில் கச்சேரிக்கு வரப்போகிறீர்கள் என்றால் பகல் டிக்கெட் அவசியமில்லை. கொஞ்சம் முன்னதாக வந்தால் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கும் உடைகளில் சிலவற்றை அப்போதே பார்த்துவிடலாம். கன்ட்ரி பாடகர்தான் வேண்டும் என்றில்லை. ராக், நகைச்சுவை, கிறிஸ்தவப் பாடல் என்று எது நடந்தாலும் இந்தக் கூரைக்குக் கீழே கேட்பது தனி அனுபவம். இருக்கை தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் தேவை. கீழ்த்தளத்தில் மாடத்துக்கு அடியில் வரும் வரிசைகளில் தூண்கள் மறைக்கும். மாடத்தின் முன்வரிசைகளே மேல். பெஞ்சில் மெத்தை கிடையாது என்பதால் முதுகுவலிக்காரர்கள் ஏதாவது மடித்துப் போட்டுக்கொள்ளலாம். குளிர்காலத்தில் ஆப்ரியே சில வாரங்கள் ரைமனுக்குத் திரும்புவதுண்டு. உங்கள் தேதி அதில் விழுந்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

பிராட்வே: மத்தியானத்தில் போங்கள்

ரைமனிலிருந்து இறங்கினால் லோயர் பிராட்வே. ஆற்றங்கரையிலிருந்து ஐந்தாவது அவென்யூ வரை இருபுறமும் நியான் விளக்குப் போட்ட மதுக்கடைகள். ஹாங்கி-டாங்க் என்பார்கள். ஒவ்வொன்றிலும் முன் சன்னலை ஒட்டி மேடை, காலை பத்து பதினொன்றிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை பேண்டுகள் மாறி மாறி வாசிக்கும். பெரும்பாலான கடைகளில் உள்ளே போகக் கட்டணம் இல்லை. சமீப காலத்தில் நட்சத்திரப் பாடகர்கள் பெயரில் நாலு மாடி, ஐந்து மாடிக் கடைகள் முளைத்துவிட்டன. இரவில் எல்லா மாடிச் சத்தமும் தெருவில் மோதிக்கொள்ளும், எந்தப் பாட்டும் காதில் நிற்காது. பலரும் சனிக்கிழமை இரவு போய்விட்டு, நாஷ்வில் வெறும் இரைச்சல் என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது, மேடைக்கு அருகில் உட்காரலாம். வாசிப்பவர்களோ அசாத்தியமானவர்கள். வேறு ஊரில் பெரிய பெயர் எடுக்கக்கூடிய கிட்டார்காரர், இங்கே நாலு மணி நேர ஷிஃப்டில் நின்றுகொண்டே வாசித்துக்கொண்டிருப்பார். பழைய பாணி கன்ட்ரி கேட்க ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் போங்கள். ஒரு பக்கம் பூட்ஸ் அடுக்கியிருக்கும், மேடையில் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் கட்டாயம் இருக்கும். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பெயருக்காக டூட்ஸீஸுக்குள் ஒரு எட்டு போய்வந்தால் பிராட்வே முடிந்தது. 1947இல் தொடங்கி, பிறகு இந்தத் தெருவின் அடையாளமாகவே இருந்த எர்னஸ்ட் டப் இசைத்தட்டுக் கடை 2022இல் மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பித் தேடாதீர்கள்.

இப்போது அந்தச் சில்லறை நோட்டுகள். மேடைக் கலைஞர்களின் வருமானத்தில் பெரும்பங்கு டிப்ஸ்தான். ஜாடி அல்லது வாளியோடு ஒருவர் கூட்டத்துக்குள் வருவார். தலையைத் திருப்பிக்கொள்வது அநாகரிகம். அரை மணி நேரம் கேட்டால் ஆளுக்கு ஐந்து டாலர் போடுவது மரியாதை. பிடித்த பாட்டைப் பாடச் சொல்ல வேண்டுமானால் பத்து, இருபது கொடுக்க வேண்டியிருக்கும். குடிக்காதவர்கள் சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குழந்தைகளோடு போகிறவர்களும் பகலில்தான் போக வேண்டும். 21 வயது ஆகாதவர்களை மாலைக்குப் பிறகு பல கடைகளில் உள்ளே விடமாட்டார்கள். நரைத்த தலையாக இருந்தாலும் வாசலில் அடையாள அட்டை கேட்பது உண்டு, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அருங்காட்சியகமும் ஸ்டூடியோ பி-யும்

கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் இப்போதைய கட்டடம் 2001இல் திறந்தது. வெளிச்சுவர் சன்னல்கள் பியானோ கட்டைகளைப் போல அடுக்கியிருக்கும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். எல்விஸ் பிரெஸ்லியின் பொன்னிற கேடிலாக் காரும், துப்பாக்கிகளையும் வெள்ளி டாலர்களையும் பதித்த வெப் பியர்ஸின் பான்டியாக் காரும் எல்லோரும் படமெடுக்கும் பொருட்கள். நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது பழைய ஒளிக்காட்சித் திரைகளுக்கு முன்னால். வட்ட வடிவப் புகழ்க்கூடத்தில் 1961இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஜிம்மி ராஜர்ஸ், ஃபிரெட் ரோஸ், ஹேங்க் வில்லியம்ஸ் மூவரின் உருவத்தகடுகளையும் பாருங்கள். அதே வளாகத்தில் 1879இல் தொடங்கிய ஹேட்ச் ஷோ பிரிண்ட் அச்சகம் இருக்கிறது. மர எழுத்துகளைக் கோத்து மையடித்துக் கச்சேரிச் சுவரொட்டி அச்சிடுவதைக் கண்ணாடிக்கு அப்பால் பார்க்கலாம். ஊருக்கு வாங்கி வர நல்ல பொருள் அந்தச் சுவரொட்டிதான், சுருட்டி எடுத்து வர ஓர் அட்டைக் குழாய் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி உலாவையும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். தனியாகப் போய்க் கதவைத் தட்ட முடியாது, அருங்காட்சியகத்திலிருந்தே பேருந்தில் அழைத்துப் போவார்கள். 1957இல் கட்டிய சாதாரணமான கட்டடம். உள்ளே பள்ளிக்கூட மண்டபம் அளவு ஓர் அறை. எல்விஸ் 200க்கும் மேற்பட்ட பாட்டுகளை இங்கே பதிவு செய்தார். ராய் ஆர்பிஸனும் டாலி பார்ட்டனும் இங்கே பாடியவர்கள். 1950களின் கடைசியில் ராக் இசை வந்து கன்ட்ரியின் சந்தையைத் தின்றுகொண்டிருந்தபோது, செட் அட்கின்ஸ் போன்ற தயாரிப்பாளர்கள் ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்து வழவழப்பாக்கிய பாணி வளர்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. இசை பிழைத்ததா, கெட்டதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை.

இங்கே வழிகாட்டியிடம் எண் முறையைப் பற்றிக் கேளுங்கள். ஸ்டூடியோ கலைஞர்கள் கார்டு எனும் ஸ்வரக் கூட்டுகளை எழுத்தால் குறிக்காமல் 1, 4, 5 என்று எண்களால் எழுதிக்கொள்வார்கள். பாடகரின் சுருதி எதுவானாலும் நாம் ஸரிகமவை அப்படியே பாடுவதைப் போல, பாடகி அரைக்கட்டை இறக்கச் சொன்னாலும் தாளில் எதையும் மாற்றாமல் அடுத்த நொடியே வாசிக்கலாம். ஒரே ஷிஃப்டில் மூன்று நாலு பாட்டைப் பதிவு செய்து தள்ள முடிந்ததற்கு இந்த முறையும் ஒரு காரணம்.

ஸ்டூடியோவைச் சுற்றியிருக்கும் பகுதிதான் புகழ்பெற்ற மியூசிக் ரோ. பெயரைக் கேட்டு நடந்து பார்க்கப் போகாதீர்கள். வீடுகளும் அலுவலகங்களுமாக இருக்கும், உள்ளே விடமாட்டார்கள். காலை பத்துப் பதினொரு மணிக்கு இரண்டு மூன்று பேர் கிட்டாரோடு ஓர் அறையில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டை எழுதி முடிக்கும் தொழில் அங்கே நடக்கிறது. அவர்களை நேரில் பார்க்க ஒரு வழி உண்டு.

பாட்டு எழுதியவரே பாடும் இடம்

நகர மையத்துக்குத் தெற்கே கிரீன் ஹில்ஸ் பகுதியில், கடைவரிசை ஒன்றின் நடுவில், துணிக்கடை அளவுக்கு இருக்கும் இடம் ப்ளூபேர்ட் கஃபே. 1982இல் தொடங்கியது. இருக்கைகள் சுமார் 90தான். நான்கு பாடலாசிரியர்கள் அறையின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து, முறை வைத்துத் தங்கள் பாட்டைப் பாடுவார்கள். வானொலியில் நட்சத்திரம் முழக்கிய பாட்டை, அதை எழுதிய நரைத்த மனிதர் வெறும் கிட்டாரோடு, எந்தச் சண்டையில் அந்த வரி பிறந்தது என்று சொல்லிவிட்டுப் பாடும்போது அது வேறு பாட்டாகிவிடுகிறது. கார்த் புரூக்ஸ், டெய்லர் ஸ்விஃப்ட் இருவரையும் இசை நிறுவனத்தார் கண்டுகொண்டது இங்கேதான்.

பாட்டு நடக்கும்போது பேசினால் அதட்டல் வரும். டிக்கெட் இணையத்தில் சில நாட்களுக்கு முன்புதான் திறக்கும், நிமிடங்களில் தீர்ந்துவிடும். பதிவு திறக்கும் நேரத்தைக் குறித்துவைத்து, கணக்கு தொடங்கி, விரலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் திங்கள் மாலை, யாரும் பெயர் கொடுத்துப் பாடக்கூடிய திறந்த மேடைக்கு வரிசையில் நின்று பாருங்கள்.

அதுவும் கிடைக்காதவர்களுக்கு, ஏன், கிடைத்தவர்களுக்கும்தான், ஸ்டேஷன் இன். 1974இல் தொடங்கிய புளூகிராஸ் கூடம். மைக்கைச் சுற்றி பான்ஜோ, மாண்டலின், ஃபிடில், கிட்டார், நின்று வாசிக்கும் பெரிய பாஸ் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். வேகத்தைப் பார்த்தால் நம் தவில் தனியாவர்த்தனக் கூட்டத்தினருக்கு உடனே பிடித்துப்போகும். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய கல்ச் பகுதியில் இது இருக்கிறது. அந்த மனையிலும் கட்டுமானத் திட்டங்கள் வந்துவிட்டதால் போகும்முன் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள்.

கன்ட்ரிக்கு முன்பும் அப்பாலும்

நாஷ்வில்லை இசை நகரமாக்கிய முதல் குழு கன்ட்ரி பாடியதல்ல. அடிமைத்தனம் ஒழிந்த கையோடு 1866இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகம் பணமில்லாமல் தத்தளித்தபோது, 1871இல் மாணவர் குழு ஒன்று பாடி நிதி திரட்டக் கிளம்பியது. பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பெற்றோர் வயலில் பாடிய பக்திப் பாடல்களை மேடைக்குக் கொண்டுபோனார்கள். 1873இல் விக்டோரியா மகாராணி முன்னிலையிலும் பாடினார்கள். அந்தப் பணத்தில் எழும்பிய ஜூபிலி ஹால் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. இதோடு சேர்த்து, பிராட்வேயை ஒட்டி 2021இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசைத் தேசிய அருங்காட்சியகத்தையும் பாருங்கள். பான்ஜோவே ஆப்பிரிக்க வம்சாவளி வாத்தியம் என்பதை அறிந்துவிட்டு ஆப்ரிக்குப் போனால் அந்த மேடை வேறு மாதிரி தெரியும்.

சர்ச் தெருவில் இருக்கும் பொது நூலகத்தின் குடிமை உரிமைப் போராட்ட அறைக்குக் கட்டணமில்லை. சுற்றுலா வரிசையில் இதை யாரும் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். நாகபுரியில் மூன்றாண்டுகள் கல்லூரிப் பணியில் இருந்து காந்தியின் சத்தியாகிரகத்தைக் கற்ற ஜேம்ஸ் லாஸன், நாஷ்வில்லுக்கு வந்து மாணவர்களுக்கு அடி வாங்கியும் திருப்பி அடிக்காத பயிற்சி கொடுத்தார். 1960 பிப்ரவரி 13 அன்று அந்த மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் சாப்பாடு போட்ட கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். டயான் நாஷ், ஜான் லூயிஸ் இருவரும் அவர்களில் அடக்கம். மே 10 அன்று அந்தக் கடைகள் எல்லோருக்கும் திறந்தன. அறையின் நடுவில் அப்படியொரு சாப்பாட்டு மேடை போட்டு, போராட்டக்காரர்கள் கடைப்பிடித்த பத்து விதிகளை அதில் பொறித்திருக்கிறார்கள். உட்கார்ந்து படிக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்டினியல் பூங்காவில் ஏதென்ஸ் பார்த்தினானின் முழு அளவு நகல் நிற்கிறது. 1897 கண்காட்சிக்காகச் சுண்ணச் சாந்தில் கட்டியது, இடிக்க மனமில்லாமல் பிறகு கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். உள்ளே 42 அடி அத்தீனா சிலை தங்க முலாம் பூசி நிற்கிறது. வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனாலும் உள்ளே போய்ப் பாருங்கள். மழை நாளுக்கு, கட்டணமில்லாத டென்னசி மாநில அருங்காட்சியகம். சாயங்காலத்துக்கு, கம்பர்லாந்து ஆற்றின்மேல் நடப்பவர்களுக்கு மட்டுமான சீகன்தாலர் பாலம். நகரத்தின் முழு முகமும் அங்கிருந்துதான் கிடைக்கும்.

சாப்பாடு

ஹாட் சிக்கன் இந்த ஊரின் கண்டுபிடிப்பு. பொரித்த கோழியின்மேல் மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்துப் பூசி, வெள்ளை ரொட்டியின்மேல் வைத்து ஊறுகாய் வெள்ளரியோடு தருவார்கள். ஊர் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்த தார்ன்டன் பிரின்ஸைப் பழிவாங்க, அவருடைய காதலி கோழியில் மிளகாயைக் கொட்டினாள், அவருக்கோ அது பிடித்துப்போனது என்று கதை. அந்தக் குடும்பத்தின் பிரின்ஸஸ் கடைதான் மூலம். நாம் சாப்பிடாத காரமா என்று உச்ச அளவைக் கேட்டுவிடாதீர்கள். இது குழம்பில் கரைந்த காரமல்ல, காய்ந்த பொடியாக நேரே நாக்கில் உட்காரும். நடு அளவில் தொடங்குவதே புத்தி.

மதியத்துக்கு ‘மீட் அண்ட் த்ரீ’ கடைகள்: ஓர் இறைச்சி, மூன்று காய்கறி. மக்ரோனி-சீஸும் அங்கே காய்கறிக் கணக்கில்தான் வரும். சைவர்கள் காய்கறித் தட்டு மட்டும் கேட்கலாம். ஆனால் கீரையையும் பீன்ஸையும் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டே வேகவைப்பார்கள், பிஸ்கட் என்ற ரொட்டியோடு வரும் வெள்ளைக் குழம்பிலும் இறைச்சி இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். அலுத்துப்போனால் நோலன்ஸ்வில் பைக் சாலைக்கு வண்டி பிடியுங்கள். அமெரிக்காவிலேயே பெரிய குர்து சமூகம் வாழும் ஊர் இது. சுடச்சுட ரொட்டி, பருப்பு சூப், ஃபலாஃபல் எல்லாம் கிடைக்கும். மேற்கே பெல்வியூ பகுதியில் தென்னிந்திய பாணிக் கோபுரத்தோடு கணேசர் கோயில் இருக்கிறது.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்

காரை எடுத்துக்கொண்டு தென்மேற்கே போங்கள். 1951 முதல் பிஸ்கட்டுக்குப் பெயர்போன லவ்லெஸ் கஃபேயில் காலைச் சாப்பாடு. வார இறுதியில் காத்திருப்பு நீளும், எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. அங்கிருந்தே தொடங்குகிறது நாட்செஸ் டிரேஸ் பார்க்வே: மிசிசிப்பி மாநிலம் வரை 444 மைல், லாரிகளோ விளம்பரப் பலகைகளோ இல்லாத சாலை. முழுவதும் போகத் தேவையில்லை, இரட்டை வளைவுப் பாலம் தாண்டி ஃபிராங்க்ளின் ஊரில் இறங்கி, 1864 உள்நாட்டுப் போரில் மருத்துவமனையாக மாறிய கார்ன்டன் மாளிகையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பலாம்.

கிழக்கே ஆண்ட்ரூ ஜாக்ஸன் அதிபரின் ஹெர்மிடேஜ் பண்ணை அரைநாள் வேலை. மாளிகையோடு நிறுத்தாமல், அடிமைகளின் குடிசைப் பகுதிக்கும் போகும் உலாவைத் தேர்ந்தெடுங்கள். மெம்ஃபிஸையும் எல்விஸ் வீட்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். போகவே 340 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்கு மேல். போனால் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.